கிணற்றுத் தண்ணீரில் கழுவிய கண்ணாடி

சண்டிலிப்பாய்ப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு லேசில் அவியாது. கேத்திலின் அடியில் வெள்ளைக் காறை படியும். தலை முழுகினால் மயிர் வைக்கோலாய் நிற்கும். சுண்ணாம்புக் கல்லைக் குடைந்து எடுத்த தண்ணீர் வேறெப்படி இருக்கும்? ஊர்ச்சனம் அதை ஒரு குறையாகச் சொல்வதில்லை. வெளியூர் போய் வருகிறவர்கள்தான், அங்கத்தைய தண்ணீரில் சவர்க்காரம் உடம்பை விட்டுப் போகுதில்லை என்று அங்கலாய்ப்பார்கள். அந்தத் தண்ணீர் ஒரு வீட்டைக் கலக்கப் போகிறது என்று அந்த மார்கழியில் யாரும் நினைக்கவில்லை. நினைத்திருக்க வேண்டியவள் உதயகலா. அவளும் நினைக்கவில்லை.

உதயகலா மருதனார்மடச் சந்தியில், ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருந்த இரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்தாள். கீழே மரக்கறிச் சந்தையின் இரைச்சல், ஆஞ்சநேயர் கோயில் மணி, பஸ்காரரின் கூப்பாடு. மேலே, யன்னலைச் சாத்திய அறையில் நுணுக்குக்காட்டி. அந்த வருடம் அதன் தலையில் ஒரு கமரா ஏறியிருந்தது. கமரா படம் பிடிக்கும். பக்கத்தில் இருந்த கணினி இரத்தக் கலங்களை எண்ணும். ஐயமான ஒன்றைக் கண்டால் அதைச் சுற்றி மஞ்சள் பெட்டி போடும். ஒவ்வொரு பெட்டிக்கும் ஆள்தான் ‘ஓம்’ அல்லது ‘இல்லை’ என்று பொத்தானை அமத்த வேண்டும்.

அதை வாங்கிக்கொண்டு வந்த அன்றே கூடத்தின் பொறுப்பாளர் டொக்டர் நிரோஜினி சொல்லிவிட்டார், காட்டுகிறது அதன் வேலை, தீர்க்கிறது எங்கள் வேலை என்று. இன்னொன்றும் சொன்னார். நாங்கள் அமத்த அமத்த அது எங்களைப் பார்த்துப் படித்துக்கொள்ளுமாம். உதயகலாவுக்கு அது பிடித்திருந்தது. சொல்வழி கேட்கிற ஒன்று வீட்டில் இல்லாவிட்டாலும் வேலையிடத்திலாவது இருக்கிறதே என்று கணவன் வாகீசனிடம் பகிடி விட்டாள்.

அந்தக் கார்த்திகை வெள்ளத்தில் தெற்கிலிருந்து வரும் பாதை அறுந்தது. கண்ணாடித் துண்டில் பூசிய இரத்தத்துக்குச் சாயம் ஏற்றிக் கழுவ, ஆவியாக்கி வடித்த தண்ணீர் கலன்கலனாகக் கொழும்பிலிருந்து வரும். அது நின்றுபோனது. வெள்ளத்தின் பின்னாலேயே டெங்கு வந்தது. வாசலில் சனம் வரிசை கட்டி நின்றது. அப்போது உதயகலா ஒரு யோசனை சொன்னாள். அவளுடைய மாமியார் கனகாம்பிகை தேத்தண்ணிக்குத் தண்ணீரை முதலே கொதிக்கவைத்து, ஆறவிட்டு, மேலே தெளிந்ததை இறுத்து எடுப்பார். காறை கீழே அடைந்துவிடும். அப்படிச் செய்து, துணியில் வடித்து, கண்ணாடிகளைக் கழுவினால் என்ன? நிரோஜினிக்கும் வேறு வழி தெரியவில்லை. சில நாளைக்குத்தானே என்று சம்மதித்தார்.

குசினிக் கணக்கு தேத்தண்ணிக்குச் சரி. கண்ணாடியில், கீழே அடையாத மிச்சமெல்லாம் சாயத்தோடு சேர்ந்து குட்டிக் குட்டி ஊதாப் பொட்டுகளாய்ப் படிந்தது. கணினி ஒவ்வொரு பொட்டுக்கும் மஞ்சள் பெட்டி போட்டது. உதயகலா ‘இல்லை’ என்று அமத்தினாள். இன்னொரு பெட்டி, இன்னொரு ‘இல்லை’. நாட்போக்கில் பெட்டிகளின் மஞ்சள் மங்கிச் சாம்பலானது. பிறகு பல பெட்டிகள் வராமலே விட்டன. இயந்திரம் எங்கட தண்ணிக்குப் பழகிட்டுது என்று கூடத்தில் எல்லாரும் சந்தோசப்பட்டார்கள். பழகினது இயந்திரம் மட்டுமில்லை என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

வாகீசனின் தம்பி சிவதர்ஷன் கப்பலில் எஞ்சின் பகுதியில் வேலை. லீவில் வந்து நின்றான். கோப்பாயில் கோபிகா என்ற பெண்ணைப் பேசி, பொருத்தமும் பார்த்து முடிந்திருந்தது. பெண்ணின் தகப்பனுக்கு ஒரே ஒரு நிபந்தனை. அவருடைய சொந்தக்காரப் பெடியன் ஒருவனை ஆபிரிக்கக் கரையில் கடற்கொள்ளைக்காரர் பிடித்து வைத்திருந்து, குடும்பமே சீரழிந்ததாம். மாப்பிள்ளை அந்தப் பக்கம் போகிறவராக இருக்கக்கூடாது. கனகாம்பிகை நெஞ்சில் கையை வைத்துச் சொன்னார், என்ரை பிள்ளை சிங்கப்பூர்ப் பக்கம் மட்டும்தான் என்று. உதயகலாவுக்கும் அதுதான் தெரியும்.

வந்து கொஞ்ச நாளில் சிவதர்ஷனுக்குக் காய்ச்சல் தொடங்கியது. ஒழுங்கையில் வீட்டுக்கொருவர் படுத்திருந்த காலம். நுளம்பு கடித்திருக்கும், டெங்குதான் என்று எல்லாரும் சொன்னார்கள். கனகாம்பிகை பப்பாசி இலையை இடித்துச் சாறு பிழிந்து பருக்கினார். அவன் சத்தி எடுத்தான். சந்தி டொக்டர் இரத்தம் பார்க்கச் சொன்னார். உதயகலாவே வீட்டில் வைத்து எடுத்து, மழைச்சட்டைப் பையில் வைத்துக் கொண்டுபோனாள். டெங்குப் பரிசோதனை இல்லையென்று காட்டியது. நாள் பிந்தினால் அப்படிக் காட்டுவதுண்டு. பிளேட்லெட் என்கிற குருதிச் சிறுதட்டு குறைந்திருந்தது, டெங்கில் குறையும். கண்ணாடியைக் கமராவின் கீழே வைத்தாள். சாம்பல் பெட்டிகள் சில வந்தன. பக்கத்தில் அன்றைய கண்ணாடிகள் தட்டு நிறையக் கிடந்தன. இல்லை, இல்லை, இல்லை. கை தன்பாட்டில் போனது.

சந்தி டொக்டர் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லி, இன்னும் குறைந்தால் ஆசுப்பத்திரிக்குப் போங்கோ என்றார். மறுநாள் பின்னேரம் அவனுக்குக் குளிர் பிடித்தது. சாதாரணக் குளிர் இல்லை; கட்டில் கடகடத்தது. போர்வை, சாறம், சாக்கு என்று வீட்டில் இருந்ததெல்லாம் மேலே போட்டார்கள். பிறகு வேர்த்துக் கொட்டி, எழும்பியிருந்து, மரவள்ளிக்கிழங்கும் சம்பலும் கேட்டான். கனகாம்பிகைக்கு உயிர் வந்தது. பப்பாசி இலை வேலை செய்திட்டுது என்று பக்கத்து வீட்டுக்கும் கேட்கச் சொன்னார்.

உதயகலாவுக்கு மட்டும் மனம் சரியாக இல்லை. டெங்கில் இப்படி நடுங்கி அவள் கண்டதில்லை. விடியக்காலை அவன் சலம் பால் விடாத தேத்தண்ணி நிறத்தில் போனதை வாகீசன் வந்து சொன்னான். கண்ணிலும் மஞ்சள் ஓடியிருந்தது. அவள் தேத்தண்ணியும் குடிக்காமல் ஸ்கூட்டியை எடுத்தாள்.

கூடத்தில் பழைய கண்ணாடித் தட்டிலிருந்து அவனுடையதைத் தேடி எடுத்து, கணினியில் தான் ‘இல்லை’ என்று அமத்தின இடங்களுக்கு ஒவ்வொன்றாகப் போனாள். முதலாவது பொட்டுத்தான். இரண்டாவதும் பொட்டு. மூன்றாவதில் ஒரு சிவப்பணுவுக்குள் மெல்லிய வளையம், ஓரத்தில் சின்னப் புள்ளி. கல் வைத்த மோதிரம் போல இருந்தது. அப்படியொன்றை அவள் படிக்கிற காலத்தில், பழைய பாடக் கண்ணாடியில் கண்டதோடு சரி. நாட்டில் மலேரியா ஒழிந்து வருடங்கள் போய்விட்டன. இல்லாத ஒன்றைக் கண் எப்படித் தேடும்?

திரையை விட்டு, நுணுக்குக்காட்டியில் சொந்தக் கண்ணை வைத்தாள். நுண்திருகியை மெல்லத் திருப்பினாள். கமரா பிடிப்பது ஒரு தளத்துப் படம். அதில் எல்லாம் ஒரே மட்டத்தில் கிடக்கும். கை திருப்பும்போதுதான் எது மேலே, எது உள்ளே என்று தெரியும். தண்ணீர்ப் பொட்டுகள் கலத்தின் மேலே கிடந்தன. கலம் மங்கும்போது அவை தெளிந்தன. அந்த வளையம் அப்படியில்லை. கலம் மங்க அதுவும் மங்கியது, கலம் தெளியத் தெளிந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

நிரோஜினி வந்ததும் கதிரையை விட்டுக்கொடுத்தாள். அவர் நெடுநேரம் பார்த்தார்.

“ஐமிச்சம்தான். ஆனால் சிறுதட்டு ஒண்டு சிவப்பணுவுக்கு மேலை கிடந்தாலும் உப்பிடித் தோற்றும். சாயமும் சரியில்லை. ஆள் எங்கை போட்டு வந்தவர்?”

“சிங்கப்பூர், டொக்டர்.”

“அப்ப உது எப்பிடி வரும்?”

“அதைத்தான் நான் வீட்டை போய்க் கேக்கோணும்.”

நிரோஜினி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, நடக்கப்போவதை நிதானமாகச் சொன்னார். மலேரியா என்று ஒரு சொல் வெளியே போனால் சுகாதாரப் பகுதியார் ஊருக்குள் இறங்குவார்கள், வீடு வீடாய் இரத்தம் எடுப்பார்கள், மருந்து அடிப்பார்கள். பிழையாய்ப் போனால் கூடத்துக்குப் பெயர் இருக்காது. உண்மையாய் இருந்து சொல்லாமல் விட்டால் பெடியன் இருக்கமாட்டான். குழாயில் மிச்ச இரத்தம் இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. கீழே மருந்துக்கடையில் ஊசிக்குக் கலக்கும் தண்ணீர் குட்டிக் குட்டிப் போத்தலில் உண்டு. இத்தனை கண்ணாடிக்கு அது காணாது என்றுதான் முன்பு விட்டது. ஒரு கண்ணாடிக்குக் காணும். புதுக் கண்ணாடி போட்டு அதால் கழுவிப் பார்க்கிறேன் என்றார்.

“உந்த இயந்திரம் எங்களட்டைப் படிச்சதை எல்லாம் கழட்டிப்போட்டு, வந்த அண்டைக்கு இருந்த மாதிரி வைச்சுப் பாக்கிறன். நீங்கள் போய் உண்மையைக் கேட்டுக்கொண்டு வாங்கோ. ரெண்டும் வேணும்.”

மழை தூறிக்கொண்டிருந்தது. வழியெல்லாம் தோட்டங்கள் குளமாய் நின்றன. வீட்டுக்கு முன்னால் வாகீசன் புகையிலை நாற்றுமேடைக்குள் முழங்காலளவு தண்ணீரில் நின்று, பம்பைப் பூட்டி இறைத்துக்கொண்டிருந்தான். ஓட்டோவுக்குச் சொல்லுங்கோ என்று மட்டும் அவனுக்குச் சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

கனகாம்பிகை குசினியில் பப்பாசி இலையை உரலில் போட்டு இடித்துக்கொண்டிருந்தார். அடுத்த நாள் கோப்பாய் ஆட்கள் கலியாணத்தை நிச்சயிக்கப் பழத்தட்டோடு வருவதாக இருந்தது. பலகாரத்துக்கு உளுந்து ஊறிக்கொண்டிருந்தது.

“மாமி, தம்பி கடைசியா எந்தக் கரையிலை நிண்டவர்?”

“ஏன் பிள்ளை, உனக்குத் தெரியாதே? சிங்கப்பூர்.”

“எனக்குத் தெரிஞ்சது நீங்கள் சொன்னது. நான் கேக்கிறது நடந்ததை.”

உலக்கை நிற்கவில்லை. “நாளைக்கு ஆக்கள் வருகினம். இந்த நேரத்திலை என்னத்துக்கு உந்தப் பூராயக் கேள்வி? காய்ச்சல் விட்டிட்டுது, பெடியன் கிழங்கு திண்டவன்.”

“விடேல்லை மாமி. திரும்பி வரும். இது டெங்கு மாதிரித் தெரியேல்லை. அவர் ஆபிரிக்காப் பக்கம் போனவரெண்டால் இது மலேரியா. அங்கத்தைய மலேரியா ஆளை விட்டுவைக்காது. மூளைக்கு ஏறினால் பிறகு ஒண்டும் செய்யேலாது.”

“உன்ரை மிசின் சொல்லிச்சுதோ?”

“மிசினும் வடிவாச் சொல்லேல்லை, நானும் சொல்லேல்லை. அதுதான் பிழை. இப்ப நீங்கள்தான் சொல்லோணும்.”

கனகாம்பிகை உலக்கையைச் சுவரில் சாத்தினார். அவருடைய முகம் இறுகிப்போயிருந்தது. ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கலியாணத்தைச் செய் என்று பெரியாக்கள் சும்மா சொல்லி வைக்கவில்லை என்று முணுமுணுத்தார். ஊருக்குள் மருந்தடிக்கிறவன் வந்து இறங்கினால் கோப்பாய்க்குக் கதை போக எவ்வளவு நேரம் என்று கேட்டார். தகப்பன் இல்லாமல் வளர்த்த பிள்ளைக்கு ஒரு நல்லது நடக்கிற நேரம் நீ ஏன் குறுக்கே நிற்கிறாய் என்றும் கேட்டார். அந்தச் சொல் உதயகலாவுக்குச் சுட்டது.

“கலியாணத்துக்கு மாப்பிளை உயிரோடை இருக்கோணும் மாமி.”

“வாயிலை வந்தபடி கதைக்காதை.”

அப்போது அறையிலிருந்து சிவதர்ஷனின் குரல் கேட்டது. இருவரும் போய்ப் பார்த்தார்கள். கண் திறந்திருந்தது, பார்வை இவர்களில் இல்லை. எஞ்சின் சூடாகிறது, கதவைத் திறவுங்கோ, சீவ் எஞ்சினியர் எங்கே என்று கேட்டான். தம்பி, ஆரெண்டு தெரியுதோ என்று உதயகலா குனிந்து கேட்டாள். அவன் அவளைப் பார்த்து, சேர் என்றான்.

கனகாம்பிகை கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டார்.

“சிங்கப்பூரிலை ஏறினவன்தான். கப்பல் நைஜீரியாவுக்குப் போனது. ஏதோ உடைஞ்சு கரையிலை கன நாள் கிடந்தவையாம். நுளம்பெண்டால் அப்பிடி நுளம்பாம். காய்ச்சல் வராமல் குடிக்கச் சொல்லிக் குளிசை குடுத்தவையாம், வயித்தைப் பிரட்டுதெண்டு விட்டிட்டான். ஒருத்தருக்கும் சொல்லாதையுங்கோ அம்மா எண்டு சொன்னவன். நான்தான் உனக்கும் சொல்லாதையெண்டு அவனுக்குச் சொன்னனான். பரிசோதனைக்கூடத்திலை நாலு பேரோடை பழகிறனி, வாய் தவறிடுமெண்டு பயந்தன்.”

உதயகலாவின் கைத்தொலைபேசி அடித்தது. நிரோஜினி.

“உதயகலா, புதுக் கண்ணாடியிலை மஞ்சள் பெட்டி நிறைய வந்திருக்கு. கனக்கச் சிறுதட்டுத்தான், அது பிழையாப் பிடிச்சிருக்கு. மற்றதெல்லாம் நான் கண்ணாலை ஒவ்வொண்டாப் பாத்திட்டன். ஒரு கலத்துக்குள்ளை ரெண்டு வளையமும் கிடக்கு, அது சிறுதட்டில்லை. வீட்டிலை என்ன சொல்லுகினம்?”

“நைஜீரியா, டொக்டர்.”

“அப்ப நிக்காதையுங்கோ, ஏத்துங்கோ. நான் ஆசுப்பத்திரிக்கு எடுத்துச் சொல்லுறன்.”

ஓட்டோவில் அவனுடைய தலை தாயின் மடியில் கிடந்தது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவர் ஆஞ்சநேயரைக் கூப்பிட்டார். மருதனார்மடம் தாண்டும்போது கோயில் பக்கம் திரும்பிக் கும்பிடக் கையெடுக்க முடியாமல், தலையை மட்டும் குனிந்தார். அவசரப் பிரிவில் இளம் டொக்டர் ஒருவர் எங்கே போய் வந்தவர் என்று கேட்டார். உதயகலா வாய் திறக்கமுதல் கனகாம்பிகையே சொன்னார். பக்கத்துக் கட்டிலில் சண்டிலிப்பாய் ஆள் ஒருவர் இருந்தும், உரத்துச் சொன்னார். அங்கே எடுத்த இரத்தமும் மலேரியா என்றே சொன்னது. நாளத்தில் மருந்து ஏறத் தொடங்கியது. கொஞ்சம் பிந்திவிட்டது, இனிப் பார்ப்போம் என்றார் டொக்டர்.

வெளியே வாங்குப் பலகையில் மாமியும் மருமகளும் இருந்தார்கள். வாகீசன் மருந்துத் துண்டோடு அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருந்தான். மழைக்காகச் சனமெல்லாம் விறாந்தையில் நெருங்கி நின்றது. உதயகலாவால் தன் பிழையை மனதுக்குள் வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை.

“மாமி, இரத்தம் எடுத்த அண்டைக்கே மிசின் அதை எனக்குக் காட்டினது. நான்தான் இல்லையெண்டு அமத்தினனான்.”

கனகாம்பிகை திரும்பிப் பார்த்தார். “ஏன்?”

“கிணத்துத் தண்ணிப் பொட்டெண்டு நினைச்சன். கன நாளா அதுதான் வந்துகொண்டிருந்தது. வடிவாப் பாக்காமல் அமத்திப்போட்டன்.”

அவர் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். திட்டியிருந்தால் உதயகலாவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் மழையைப் பார்த்தபடியே இருந்தார்.

இரண்டு நாள் அவன் இந்தக் கரையும் இல்லை, அந்தக் கரையும் இல்லை. மூன்றாம் நாள் கண் திறந்து, அம்மா, கஞ்சி இருக்கோ என்றான். வாகீசன் சுவரோடு சாய்ந்துநின்று விக்கி விக்கி அழுதான்.

பயந்தபடியே எல்லாம் நடந்தது. சுகாதாரப் பகுதியார் ஒழுங்கையில் வீடு வீடாய் இரத்தம் எடுத்தார்கள், மருந்து அடித்தார்கள். பழத்தட்டு வரவில்லை. கனகாம்பிகை தானே கோப்பாய்க்குத் தொலைபேசி எடுத்தார். பெடியன் ஆபிரிக்கா போனவன், மறைத்தது நான், அவனில் பிழை இல்லை என்றார். யோசிச்சுச் சொல்லுறம் என்று அங்கிருந்து பதில் வந்தது. அதற்கு மேல் கதை இல்லை. ஊற வைத்த உளுந்து புளித்து, மாட்டுக்குப் போனது.

கூடத்தில் நிரோஜினியும் உதயகலாவும் வெள்ளத்துக்குப் பிறகு ‘இல்லை’ என்று அமத்தினதையெல்லாம் திரும்பத் திறந்து, ஆளுக்கொரு பக்கமாய் இருந்து பார்த்தார்கள். ஒருவர் கண்டதை மற்றவர் திருகித் திருகிச் சரிபார்த்தார். வேறு எவரிலும் ஒன்றும் இருக்கவில்லை. சிவதர்ஷனுடைய கண்ணாடியில் அந்த மோதிரத்துக்கு வந்தபோது, உதயகலா ‘ஓம்’ என்று அமத்தினாள். அமத்தினபிறகும் கையை எடுக்காமல் கொஞ்சநேரம் இருந்தாள்.

வீட்டில் மாமி அவளோடு கதைக்கவில்லை. கோபமா, வெட்கமா என்று தெரியவில்லை. கோப்பையில் தேத்தண்ணி வரும், சோறு வரும், சொல் வராது. உதயகலாவும் தன் பிழையைத் தானே தின்றுகொண்டு திரிந்தாள். நாங்கள் இரண்டு பேரும் அவனைச் சாகக் குடுக்கப் பார்த்தனாங்கள் என்று ஒருநாள் வாகீசனிடம் சொன்னாள். அவன் நாற்றுப் பிடுங்கிக்கொண்டே, தப்பி வந்தவனைப் பார், அதைவிடு என்றான்.

சிவதர்ஷன் வீடு வந்த பிறகு ஒரு காலை, விடியப் பெய்த மழை விட்டிருந்தது. உதயகலா வேலைக்கு வெளிக்கிட்டு முற்றத்துக்கு வந்தாள். கலியாணச் சமையலுக்கென்று மினுக்கி வைத்திருந்த பெரிய அண்டா முற்றத்து நடுவில் நின்றது. வாயில் வெள்ளை வேட்டித் துணி இறுக்கிக் கட்டியிருந்தது. கனகாம்பிகை துணியை அவிழ்த்து, சொம்பால் மொண்டு ஒரு கலனுக்குள் ஊற்றிக்கொண்டிருந்தார். கலன் நிரம்பியதும் மூடியைத் திருகி, சேலைத் தலைப்பால் துடைத்து, அவளிடம் நீட்டினார்.

“கூரைத் தண்ணி இல்லை, நேர வானத்துத் தண்ணி. உதிலை சுண்ணாம்பு இல்லைப் பிள்ளை. இனி உதாலை கழுவு.”

பாதை திறந்து, கொழும்பிலிருந்து வடித்த தண்ணீர் முதல்நாளே வந்து இறங்கியிருந்தது. உதயகலா அதைச் சொல்லவில்லை. கலனை இரண்டு கையாலும் வாங்கி, ஸ்கூட்டியில் கால் வைக்கிற இடத்தில் நிறுத்தி, சரியாமல் இருக்க முழங்காலால் அணைத்துக்கொண்டாள்.

“போட்டு வாறன் மாமி.”

“ஓம் பிள்ளை. வடிவாப் பாத்து அமத்து.”